நான்காவது துணை

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர்: நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து மருந்தை ஊட்டும் துணைவர். முதல் மூன்றையும் பற்றி உலகம் ஓயாது பேசுகின்றது. நான்காவது துணையையோ நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். வைத்தியசாலைத் தாதியரே இன்று அந்தத் துணை.

2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி, இலங்கையில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். முதுமையில் வரும் நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஒரு போத்தல் மருந்தோடு போய்விடும் நோய்களல்ல. கடுகண்ணாவை மலைச்சரிவில் வாழும் முதியோர் பலர் கிளினிக் நாளில், கையில் கொப்பியோடு பஸ் ஏறிப் பேராதனைக்கோ கண்டிக்கோ செல்கின்றனர். வைத்தியரைக் காண்பது சில நிமிடம். எஞ்சிய நாட்களில் வைத்தியம் நடக்கும் இடம் வீட்டுச் சமையலறையே. அங்கே வழிகாட்டுவது தாதி சொல்லிக் கொடுத்த பாடமன்றோ?

அப்பாடம் சிறிதன்று. சீனியைத்தானே தள்ளச் சொன்னார்கள், கித்துள் கருப்பட்டி ஆகாதா என்பார் ஒருவர். கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் என்று அவருக்குப் பொறுமையாக விளக்கவேண்டும். "பிரஷர் இறங்கிவிட்டது, குளிசையை நிறுத்திவிட்டேன்" என்பார் மற்றொருவர். இறக்கி வைத்திருப்பதே அந்தக் குளிசைதான் என்பதை அவர் அறியார். ஒரு நாளுக்கு உப்பு ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கவேண்டும் என்றால், கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பும் அக்கணக்கில் சேரும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கித் தலை சுற்றினால், அது சர்க்கரை மிகக் குறைந்ததன் அறிகுறியாகலாம். அவ்வேளை சீனி கரைத்த நீரே உயிர் காக்கும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் நாள்தோறும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இவற்றைச் சொல்லிவிட்டால் போதுமா? "விளங்கிற்றா?" என்று கேட்டால் நம் பெரியவர்கள் "ஓம் மிஸ்ஸி" என்று தலையசைப்பார்கள். அது பெரும்பாலும் மரியாதை; விளக்கமன்று. ஆகவே தேர்ந்த தாதி அவ்வாறு கேட்பதில்லை. "அம்மா, வீட்டுக்குப் போய் மகளிடம் இதை எப்படிச் சொல்லுவீர்கள்?" என்று கேட்கிறார். மூதாட்டி தம் வாயாற் சொல்லும்போது பிழை வெளிப்பட்டால், நாணமின்றித் திருத்திக்கொள்ள இடமுண்டு. கண் மங்கியவருக்கு உறையின்மேற் காலைக்குச் சூரியனும் இரவுக்குச் சந்திரனும் வரைந்து கொடுத்தல் மற்றொரு நல்வழி. ஒரே நாளில் பத்துப் புத்திமதி சொல்வதினும் இரண்டைச் சொல்லி நிலைநிறுத்துவது மேல்.

ஆயின் பாடம் எம்மொழியில் நடக்கின்றது? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. எனினும் கண்டிப் பிரதேச வைத்தியசாலைகளிலே தமிழ் பேசும் தாதியர் போதிய அளவில் இல்லை. அன்புள்ளம் படைத்த சிங்களத் தாதியர் தமக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லைக் கொண்டு அரும்பாடுபடுகின்றனர். அவர்களை நாம் குறைகூறோம். ஆனால் பள்ளிச் சிறுவனான பேரனை மொழிபெயர்ப்பாளனாக நிறுத்தி, ஒரு பாட்டி தம் சிறுநீர் உபாதையை எவ்வாறு உரைப்பார்? உரைக்காமலே திரும்பிவிடுவார்.

இதற்கு மருந்து நம் பாடசாலைகளில் இருக்கின்றது. தாதியர் பயிற்சிக் கல்லூரி கண்டியிலேயே உண்டு. அதன் வாயிலை அடைய உயர்தர விஞ்ஞான வகுப்பு வேண்டும். மலையகத்துத் தமிழ் மாணவியருக்கு அவ்வகுப்பு எட்டாத கனியாக இருக்கும்வரை, நம் முதியோர் தலையசைத்துக்கொண்டேயிருப்பர். விஞ்ஞானம் கற்க விழையும் மகளை "உனக்கேன்?" என்று தடுக்கும் பெற்றோர் இதைச் சிந்திக்கவேண்டும்.

அதுவரை வீட்டார் செய்யக்கூடியதொன்று உண்டு. கிளினிக் சென்று வந்த மாலையில், "என்ன சொன்னார்கள்?" என்று பெரியவரைக் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதிருங்கள்.