மொட்டைமாடியில் ஒரு கம்பி

உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடிக்கு ஒருமுறை ஏறிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டிகள், ஏழெட்டு டிஷ்கள், யாரோ மாற்றிப் போட்ட பழைய கமோடு, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, வடாம் காயும் ஒரு கிழிந்த வேட்டி. சில இடங்களில், மாதாமாதம் வாடகை வருகிறதே என்று வரவேற்று நிறுத்திய செல்போன் கோபுரம். இத்தனைக்கும் இடமிருக்கிறது. 'இருபது மீட்டர் ஒயர் கட்டிக்கொள்ளட்டுமா?' என்று கேட்டுப் பாருங்கள். அவசரப் பொதுக்குழு கூடும்.

எனக்குக் கூடியது.

"கதிர்வீச்சு வரும் ஸார், குழந்தைங்க இருக்கிற இடம்" என்றார் காரியதரிசி. "வயர்லெஸ்ஸெல்லாம் யார் வெச்சுப்பாங்கன்னு பேப்பர்ல படிக்கிறோமே" என்றார் பொருளாளர், என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே. "செல்போன்தான் இருக்கே, இது எதுக்கு?" என்றார் மூன்றாமவர். மத்திய அரசு கொடுத்த அமெச்சூர் ரேடியோ உரிமத்தை எடுத்துக் காட்டினேன். காரியதரிசி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கவர்ன்மென்ட் கொடுக்கலாம் ஸார். நாங்க கொடுக்கணுமில்லே?"

இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கூட்டத்தில் யாரும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

முதலில் அந்தக் கம்பி என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஹாம் என்று செல்லமாக அழைக்கப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, தங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் பேசுகிறவர்கள். அவர்களில் ஒரு பிரிவினர் குறைந்த சக்தியில் பேசுவதையே விரதமாக வைத்திருக்கிறார்கள். மோர்ஸ் தட்டினால் 5 வாட், குரலில் பேசினால் 10 வாட், அதற்கு மேல் போக மாட்டார்கள். ராத்திரி எரிய விடும் பழைய 'ஜீரோ வாட்' பல்பே 12, 15 வாட் சாப்பிடும். அதைவிடக் குறைந்த சக்தியில் ஷார்ட்வேவில், அதாவது சிற்றலையில், சென்னையிலிருந்து மதுரைக்குத் தினமும் பேசலாம். வானம் அனுமதித்தால் கடல் தாண்டியும் பேசலாம். தரையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் சூரியன் இலவசமாகக் கட்டி வைத்திருக்கும் அயனி மண்டலம் அந்த அலையை வளைத்துக் கீழே அனுப்புகிறது.

5 வாட் எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். கணக்குச் சொல்கிறேன். 100 வாட் செட்டை 5 வாட்டாகக் குறைத்தால் சக்தி இருபதில் ஒரு பங்கு. ஆனால் மறுமுனையில் கேட்பவரின் செட்டில் இருக்கும் சிக்னல் முள் இரண்டு புள்ளிக்குக் கொஞ்சம் அதிகமாக இறங்கும், அவ்வளவுதான். மீதி வேலையை ஏரியல் செய்கிறது. அதனால்தான் இந்த விஷயத்தில் பணத்தைவிட அந்த ஒயர் முக்கியம்.

கட்டுவது எப்படி? ஒளியின் வேகத்தில்தான் ரேடியோ அலையும் போகிறது. 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். அதில் பாதி நீளம் கம்பி வேண்டும். நடைமுறையில் ஐந்து சதவிகிதம் குறைத்துக்கொள்ள வேண்டும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு இது கிட்டத்தட்ட 20 மீட்டர். நடுவில் வெட்டினால் பக்கத்துக்குப் பத்து மீட்டர். இதற்கு டைபோல் என்று பெயர். மாடி சின்னதா? 14 மெகாஹெர்ட்ஸுக்குப் போங்கள். பக்கத்துக்கு ஐந்து மீட்டர் போதும்.

எலெக்ட்ரிக் கடையில் கிடைக்கும் வீட்டு ஒயரிங் கம்பியே சரிதான். நடுவில் ஒரு துண்டு பி.வி.சி. பைப்பில் ஓட்டை போட்டு இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடாமல் கட்டுங்கள். அங்கிருந்து கோஆக்ஸியல் கேபிள் கீழே வரட்டும். கேபிளின் நடு இழை ஒரு கம்பிக்கு, மேல் வலை மறு கம்பிக்கு. கேபிள் டி.வி.க்காரர் விட்டுப்போன மிச்ச கேபிள் இருந்தால் அதுவும் உதவும். ஆனால் அதன் வலை பெரும்பாலும் அலுமினியம், சால்டர் பிடிக்காது. திருகாணியால் இறுக்க வேண்டும். நடுப்பகுதியை ஒரு மூங்கில் கழியில் உயர்த்துங்கள். இரண்டு முனைகளிலும் நைலான் கயிறு முடிந்து கைப்பிடிச் சுவர் பக்கம் சரிவாக இழுத்துக் கட்டுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கவிழ்த்துப் போட்ட 'வி' மாதிரி இருக்கும்.

கம்பியைக் கணக்கைவிட அரை மீட்டர் நீளமாகவே வையுங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிக்கும், பக்கத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் ஏற்றபடி சரியான நீளம் மாறும். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் என்று ஒன்று இருக்கிறது. ஏரியலுக்குப் போன சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும். அதைப் பார்த்துப் பார்த்து இரண்டு பக்கமும் சமமாக நறுக்குங்கள். இரண்டுக்குக் கீழே வந்தால் நிறுத்திவிடலாம். நறுக்கினால் மறுபடி ஒட்டுவது தொல்லை, அதனால் அவசரப்படாதீர்கள். மொத்தச் செலவு, நாலு பேர் குடும்பமாக ஓட்டலில் சாப்பிடும் பில்லைத் தாண்டாது.

இப்போது காரியதரிசியின் கதிர்வீச்சு. இந்த அலை எக்ஸ்ரே ஜாதியில்லை. உடம்பின் அணுக்களை உடைக்கும் ஆற்றல் இதற்குக் கிடையாது. ஒலிபரப்பும்போது கம்பியின் முனையைத் தொட்டால் சுடும். ஆகவே கைக்கு எட்டாமல் கட்ட வேண்டும், அவ்வளவே. அதே மாடியில் ராப்பகலாகப் பத்துக்கணக்கான வாட்டில் இயங்கும் கோபுரம் இருந்தால் அதைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். கோபுரம் ஆபத்து என்று நான் சொல்லவில்லை. வாடகை வந்தால் நம் கதிர்வீச்சு பயம் குணமாகிவிடுகிறது என்கிறேன்.

உண்மையான ஆபத்துகள் இரண்டு. ஒன்று, மின்வாரியக் கம்பி. அதன் அருகிலோ குறுக்கிலோ ஏரியல் கட்டவே கூடாது, காற்றில் அறுந்தாலும் அதன்மேல் விழாத தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டு, இடி. மேகம் கருக்கும்போதே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். கூட்டத்தில் இந்த இரண்டைப் பற்றியும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. தெரியாத ஆபத்துக்குப் பயப்படுகிறோம், தெரிந்த ஆபத்தை விசாரிப்பதில்லை.

பொருளாளரின் சந்தேகத்துக்கு வருவோம். ஹாம் பேசும்போதெல்லாம் தன் அடையாளப் பெயரைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் அது பெரும்பாலும் வி.யு. என்று ஆரம்பிக்கும். சங்கேத பாஷையில் மறைத்துப் பேசக்கூடாது. அவர் பேசுவதை சிற்றலை ரிசீவர் வைத்திருக்கும் யாரும் கேட்கலாம், அரசாங்கமும் கேட்கும். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியே ஹாம்தான். சதி செய்ய நினைப்பவன் பரீட்சை எழுதி, விலாசம் கொடுத்து, தன் பெயரைத் திரும்பத் திரும்ப உலகத்துக்கே அறிவித்துக்கொண்டா செய்வான்? உரிமம் இல்லாமல் ஒலிபரப்பினால்தான் குற்றம். அதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் உரிமம் வாங்கியவனையும் அதே கண்ணால் பார்த்தால் யார் வாங்குவார்கள்?

கடைசியாக, 'செல்போன்தான் இருக்கே.' இதுதான் எனக்கு அதிகம் கோபம் வரவழைப்பது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது உங்கள் செல்போன் என்ன செய்தது என்று நினைத்துப் பாருங்கள். பல பேட்டைகளில் கோபுரங்களுக்குக் கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. கையில் இருந்தது டார்ச் லைட் மட்டும்தான். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் தலைமையில் ஒரு குழு அந்தமானுக்குப் போயிருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு அங்கிருந்து ஹாம் ஒலிபரப்பு செய்வதற்காக, பொழுதுபோக்காகத்தான் போனார்கள். 26-ம் தேதி சுனாமி வந்தது. பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு, தொடர்பு அறுந்த தீவிலிருந்து செய்தி அனுப்பும் வேலையில் உட்கார்ந்தார்கள். 'எங்க ஆளு உயிரோட இருக்கானா?' என்ற கேள்விக்கு அந்த நாட்களில் பதில் வந்த வழிகளில் இதுவும் ஒன்று.

இந்த வேலையை வெள்ளம் வந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது. கம்பி முன்பே மேலே இருக்க வேண்டும். இயக்கத் தெரிந்தவர் முன்பே பழகியிருக்க வேண்டும். சும்மா இருக்கும் நாட்களில் 'இது எதுக்கு?' என்று விரட்டிவிட்டு, ஆபத்தில் தேடினால் யார் இருப்பார்கள்?

சிற்றலையின் கதையே இப்படித்தான் ஆரம்பித்தது. 1912-ல் அமெரிக்கச் சட்டம் அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைநீளமும் உள்ள மூலைக்குத் தள்ளியது. உதவாது என்று ஒதுக்கிய இடம், வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். 1923 நவம்பரில் அந்த மூலையிலிருந்தே, சுமார் 110 மீட்டர் அலையில், பிரான்சில் ஒருவரும் அமெரிக்காவில் ஒருவரும் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலிருந்து பேசிக்கொண்டார்கள். இருவரும் அமெச்சூர்கள். அதற்குப் பிறகுதான் சிற்றலையின் மதிப்பு பெரிய கம்பெனிகளுக்கு உறைத்தது. 'எதுக்கு?' என்று கேட்டவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை.

எங்கள் ஆட்களையும் விட்டுவைக்கப் போவதில்லை. உரிமம் கிடைத்த மறுநாளே லட்ச ரூபாய் ஜப்பான் செட் வாங்கி, ஏரியலையும் பெட்டியில் வரவழைத்து, கதிர்வீச்சு பற்றிப் பக்கத்து வீட்டுப் பையன் கேட்டால் பதில் தெரியாமல் விழிக்கும் ஹாம்கள் இருக்கிறார்கள். ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் 2003-ல் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற சின்ன டிரான்ஸ்மிட்டர்-ரிசீவரைப் பாருங்கள். காயில் சுற்றக் குழாய் வாஷரை உபயோகித்தார். சக்தி ஏழு வாட்டுக்குள். உலகம் முழுக்க அதைப் பார்த்துக் கட்டினார்கள். தானே கட்டியவனுக்கு விளக்கத் தெரியும். விளக்கத் தெரிந்தவனைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. அசோஸியேஷன்களின் அறியாமையில் எங்கள் சோம்பேறித்தனத்துக்கும் பங்கு உண்டு.

அந்தக் காலத்தில் இலங்கை வானொலி கேட்கக் கூரைக்குக் கூரை ஏரியல் கட்டிய ஊர் இது. ரேடியோ கேட்பதற்கே தபாலாபீசில் லைசென்ஸ் கட்டியவர்கள் நம் அப்பாக்கள். அவர்கள் பிள்ளைகள் ஒரு கம்பியைப் பார்த்து மிரள்வது எனக்கு விளங்கவில்லை.

பொதுக்குழு முடிவைச் சொல்லவில்லையே. மூன்று மாதம் இழுத்து, கடைசியில் அனுமதி கொடுத்துவிட்டார்கள். இப்போது மேலே கம்பி இருக்கிறது. ஆனால் மினிட்ஸ் புத்தகத்தில் அதைத் 'துணி உலர்த்தும் கொடி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஏரியல் என்று எழுதினால் பின்னால் பிரச்னை வருமாம். எல்லோரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டோம். எனக்கு மட்டும் வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பு வரவில்லை.

நீங்கள் ஏதாவது ஒரு அசோஸியேஷனில் காரியதரிசியாக இருக்கலாம். நாளைக்கு உங்கள் மாடியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனோ பெண்ணோ உரிமத்தோடு வந்து கம்பி கட்ட அனுமதி கேட்கலாம். மின்கம்பி பக்கத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இடி வந்தால் என்ன செய்வாய் என்று கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் அனுமதி கொடுங்கள். ஒன்றே ஒன்று, புத்தகத்தில் ஏரியல் என்றே எழுதுங்கள்.