விதைக்கிழங்கும் விவசாயியின் நம்பிக்கையும்

உருளைக்கிழங்குச் சாகுபடிச் செலவில் 40 முதல் 50 சதவீதம் வரை விதைக்கே போய்விடுகிறது. ஒரு ஹெக்டேருக்கு இரண்டரை முதல் மூன்று டன் விதைக்கிழங்கு தேவை. நெல் விவசாயிக்கு இந்தச் சுமை இல்லை.

கர்நாடகத்தின் ஹாசன் மாவட்ட விவசாயிகள் விதைக்காகப் பல்லாண்டுகளாகப் பஞ்சாபின் ஜலந்தரை நம்பியிருக்கின்றனர். அருகிலுள்ள நீலகிரியிலிருந்து விதை பெற வழியில்லை. அங்குள்ள மண்ணில் 1961-இல் நூற்புழு கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து, விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடை விதிக்கப்பட்டது.

லாரியில் வந்திறங்கும் மூட்டையில் இருப்பது விதைக்கென வளர்த்த கிழங்கா, உணவுச் சந்தையில் விலை போகாத கிழங்கா என்பது வாங்குபவருக்குத் தெரியாது. கிழங்கினுள் இருக்கும் வைரஸ் கண்ணுக்குப் புலப்படாது. விளைச்சல் குறையும்போதுதான் தெரியவரும்.

விற்பவர் அறிந்த தரத்தை வாங்குபவர் அறிய முடியாத சந்தையில், நல்ல சரக்குக்கு உரிய விலை கிடைக்காது. நாளடைவில் மட்டமான சரக்கே எஞ்சும். பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையைக் கொண்டு விளக்கிய இக்கருத்து, விதைக்கிழங்குக்கும் பொருந்தும்.

அறிவியல் இதற்கு வழி கண்டுள்ளது. வைரஸ் நீக்கப்பட்டுத் திசு வளர்ப்பில் உருவான செடியைக் கணுக்கணுவாக நறுக்கினால், ஒவ்வொரு துண்டும் சில வாரங்களில் முழுச்செடியாகும். மாதந்தோறும் மூன்று மடங்கு பெருகினாலே, ஒரு செடி ஓராண்டில் ஐந்து லட்சத்தைத் தாண்டும்.

ஆய்வகப் பணி அதோடு முடிந்துவிடலாம். அச்செடிகளை வலைக்கூடத்தில் தாய்ச்செடிகளாக வளர்த்து, நுனித்தண்டுகளைக் கிள்ளித் தென்னைநார்க் கழிவில் வேர்விடச் செய்தால் நாற்று தயார். அதில் விளையும் கிழங்கே அடுத்த பருவத்துக்கு விதை. வியட்நாமின் தலாத் மலைப்பகுதி விவசாயிகள் 1980-களிலேயே இவ்வாறு நாற்றுகளைத் தாங்களே பெருக்கிக் காட்டினர். ஹாசனிலும் இந்நாற்றுகள் அறிமுகமாகியுள்ளன.

எனினும், உள்ளூரில் உற்பத்தியாவதாலேயே தரம் உறுதியாகிவிடாது. வலையின் ஒரு கிழிசல் வழியே அசுவினி நுழைந்தாலும் வைரஸ் தாய்ச்செடிக்குப் பரவும். அதிலிருந்து கிள்ளப்படும் நாற்றுகளையும் தொடரும். அதையும் கண்ணால் கண்டறிய இயலாது. பழைய சந்தையின் குறை புதிய சந்தையிலும் குடியேறிவிடும்.

எனவே, அரசின் மானியம் நாற்றுகளின் எண்ணிக்கையை மட்டும் கணக்கில் கொள்ளக் கூடாது. தாய்ச்செடிகளைக் குறித்த காலத்தில் வைரஸ் சோதனைக்கு உட்படுத்தவும், நாற்றங்காலின் பெயரும் சோதனை நாளும் கொண்ட சீட்டை ஒவ்வொரு தட்டுக்கும் வழங்கவும் அந்நிதி பயன்பட வேண்டும். சோதனையில் தவறும் நாற்றங்காலுக்கு மானியம் நிறுத்தப்பட வேண்டும்.

இன்று விதை பொய்த்தால், விற்றவர் பணத்துடன் போய்விடுகிறார். கடன் விவசாயியிடம் தங்கிவிடுகிறது. புதிய நாற்று இந்தக் கணக்கை மாற்றாவிட்டால், ஆய்வகத்தின் வெற்றி வயலுக்கு வந்துசேராது.