வருவாய் தனியாருக்கு, செலவு அரசுக்கு: ஐபிஎல் கணக்கைக் கேட்பது யார்?

லக்னோ ஐபிஎல் அணியின் உரிமை 2021-இல் ரூ.7,090 கோடிக்கு விற்பனையானது. 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமங்கள் ரூ.48,390 கோடிக்கு ஏலம் போயின. இந்த வருவாயில் அணி உரிமையாளர்களுக்கும் பங்கு உண்டு.

ஆனால், போட்டி நாள்களில் மைதானத்தைக் காப்பவர்கள் அரசு ஊதியம் பெறும் காவலர்கள். மும்பையில் டி20 போட்டிக்கு சுமார் ரூ.70 லட்சமாக இருந்த காவல் பாதுகாப்புக் கட்டணத்தை மகாராஷ்டிர அரசு 2023-இல் ரூ.10 லட்சமாகக் குறைத்தது. அதுவும் 2011 முதல் முன்தேதியிட்டு. இதனால் பழைய நிலுவைத் தொகையும் சுருங்கியது. இம்முடிவை எதிர்த்து பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கலானது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமோ, அரசு மானியமோ நிதியுதவியோ பெறும் விளையாட்டு அமைப்புகளை மட்டுமே, அந்த நிதியின் செலவைப் பொறுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கொண்டுவருகிறது. மானியம் பெறாத இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் விலகி நிற்க இது வழிவிடுகிறது.

வசூலிக்காமல் விடப்படும் கட்டணமும் பொதுப்பணமே. வாரியம் கணக்குக் காட்டாவிட்டாலும், அரசுகள் காட்டலாம். ஒவ்வொரு போட்டிக்கும் ஆன காவல் செலவையும் வசூலான தொகையையும் எவரும் மனு அளிக்காமலேயே வெளியிடுவது அவற்றின் கடமை.