எதைத் தொட்டாய், கண்ணே?

கடிகாரத்தைப் பிரித்துப் போட்ட பிள்ளையின் முதுகில் ஒன்று வைக்காத தாய் நம்மில் யார்? நானும் வைத்தவள்தான்.

மைக்கேல் ஸ்பாக்கைப் பற்றிப் படித்ததிலிருந்து கொஞ்சம் வெட்கமாயிருக்கிறது. பிள்ளை வளர்ப்புப் புத்தகத்தால் உலகப் புகழ் பெற்ற டாக்டர் ஸ்பாக்கின் குமாரர் இவர். அப்பேர்ப்பட்டவர் வீட்டுப் பிள்ளைக்கே சிறு வயதில் எழுத்துக் கூட்டிப் படிப்பது பெரும்பாடாக இருந்ததாம்!

1913ல் அறிவியல் ஆசிரியர்கள் தொடங்கிய பாஸ்டன் குழந்தைகள் காட்சிசாலைக்கு 1962ல் இவர் தலைவரானார். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த சாமான்களைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி வெளியே வைத்தார். 1964ல் 'உள்ளே என்ன?' என்று ஒரு காட்சி. பேஸ்பால் பந்து முதலிய அன்றாடப் பொருள்களைப் பிளந்தே வைத்துவிட்டார்கள்!

வகுப்பறைகளுக்கும் பெட்டி பெட்டியாகச் சாமான்கள் போயின. ஒரு பெட்டியில் பழங்காலக் கிரேக்க வீடு. இந்தப் பாண்டம் எதற்கு, அந்த வீட்டில் யார் புழங்கியது என்று பிள்ளைகளே எடுத்துப் பார்த்து ஊகிக்க வேண்டும். வாசிக்கத் திணறும் பிள்ளையும் அங்கே வாய் திறக்கலாம் அல்லவா?

எக்ஸ்கர்ஷன் போய் வந்தவனிடம் இனி, "என்ன எழுதி வந்தாய்?" என்று நான் கேட்பதில்லை. "எதைத் தொட்டாய்?" என்றுதான் கேட்கிறேன்.

கடிகாரம் இன்னும் ஓடவில்லை. அது வேறு விஷயம்!