பாக்கெட்டுக்கு மூணு கலர்... மலை மாட்டுக்குப் புல் எங்கே?

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு பக்கம் விடியற்காலையில் டீ குடித்திருக்கிறீர்களா? அந்தக் குளிருக்கு அது அமிர்தம்! ஆனால் அடுப்படியை எட்டிப் பாருங்கள். கத்தரித்துப் போட்ட பால் பாக்கெட்டுகள் கிடக்கும். கீழே பதப்படுத்தி, வண்டியில் மலையேறி வந்த பால் அது. சுற்றிலும் பச்சைப் பசேல் மலை. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் மாடும் உண்டு. இருந்தும் மாடு வளர்ப்பவன் கையில் காசு நிற்கலை. ஏன்?

முதல் காரணம் புல். பழனி மலையின் மேல்பகுதி ஒரு காலத்தில் சோலைக்காடும் புல்வெளியுமாக இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பிறகும் அங்கே சீகை, பைன், யூகலிப்டஸ் மரங்களை நட்டார்கள். தோல் பதனிடப் பட்டை வேணும், ஆலைக்கு மரக்கூழ் வேணும். அதுதான் சர்க்கார் கணக்கு. மாட்டை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கலை!

2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் வந்தது. சரணாலயங்களில் மாடு மேய்க்கக் கூடாது என்று 2022-ல் ஐகோர்ட்டு உத்தரவு போட்டது. காட்டைக் காக்கணும், சரிதான். ஆனால் மேய்ச்சல் போனால் தீவனத்தைக் காசு கொடுத்துத்தானே வாங்கணும்? புண்ணாக்கும் தவிடும் மலையேறும்போது வண்டி வாடகையும் கூடவே ஏறுதே!

செலவு ஏறுது. பால் விலையாவது ஏறுதா?

ஆவின் நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. ஊருக்குச் சங்கம், மாவட்டத்துக்கு ஒன்றியம், மாநிலத்துக்கு இணையம் என்று குஜராத் ஆனந்த் பாணியில் 1981-ல் இணையம் உருவானது. கொழுப்பையும் இதர சத்தையும் அளந்து காசு. இடைத்தரகர் பிடியிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் தப்பின.

ஆனால் விலை வைப்பது யார்? கோட்டை! 2019 ஆகஸ்டில் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு ரூ.28-லிருந்து ரூ.32 ஆனது. அப்புறம் மூணு வருஷத்துக்கு மேல் அசையவே இல்லை. நடுவில் 2021 மே மாதம் ஆட்சி மாறியதும் பாக்கெட் விலையில் ரூ.3 குறைத்தார்கள். வாங்குகிறவர்களுக்குச் சந்தோஷம். கறக்கிறவனுக்கு? 2022 நவம்பரில்தான் ரூ.35 ஆக்கினார்கள். அதே நேரம் ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் ரூ.48-லிருந்து ஒரே தாவாக ரூ.60! 2023 டிசம்பரில் இன்னொரு ரூ.3 ஊக்கத்தொகை.

2023 நவம்பரில் நடந்த கூத்து ஞாபகம் இருக்கா? 4.5 சதவீதக் கொழுப்புள்ள பச்சை பாக்கெட்டுக்குப் பதில் 3.5 சதவீத ஊதா பாக்கெட் வந்தது. விலை மட்டும் அதே விலை. ஊரே கொதித்தது, நியாயம்தான். ஒரு சதவீதக் கொழுப்புக்கு அத்தனை அறிக்கை விட்ட கட்சிக்காரர்கள், மாட்டுக்காரனுக்காக எத்தனை விட்டார்கள்?

2023 மே மாதம் அமுல் இங்கே பால் வாங்க வந்தபோது, தடுக்கச் சொல்லி முதல்வர் ஸ்டாலின் மத்திய மந்திரி அமித்ஷாவுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் போட்டால் போதுமா? பால் சொம்பு எங்கே காசு அதிகமோ அங்கேதான் போகும். தனியார் கம்பெனிகள் பால் தட்டுப்பாட்டில் விலையைத் தூக்கும், பால் பெருகினால் இறக்கும். இது தெரிந்தும் மாட்டுக்காரன் அங்கே போகிறான் என்றால் குற்றம் யார் மேலே?

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. தேர்தலைப் பார்க்காமல், தீவன விலையைப் பார்த்து வருஷா வருஷம் கொள்முதல் விலையை மாற்றுங்கள். மலைச் சங்கங்களுக்குத் தீவன வண்டி வாடகையைச் சர்க்கார் ஏற்கட்டும். சரணாலயத்துக்கு வெளியே சீகை மரம் வெட்டி எடுத்த இடத்தில் புல் அறுத்துப் போக அனுமதி கொடுங்கள்.

நீலமோ, பச்சையோ, ஆரஞ்சோ, டீ டம்ளரில் பாக்கெட் கலர் தெரியாது. மலைக்காரன் மாட்டை விற்றுவிட்டால் நாளைக்கு டம்ளரில் எதை ஊற்றுவது?