ஒன்றரை லட்ச ரூபாய் மீன் தொட்டி, இரண்டாயிரம் ரூபாய் ஆர்சிசிபி: நீங்க மிச்சம் பிடிக்கிற இடம் சரிதானா?

வருஷத்துக்கு ஒரு தடவை மரக்காணம் போவேன். அங்கே உப்பு வியாபாரம் பண்ற ஒரு பெரியவரோட கணக்கு வழக்கு என்கிட்டதான் இருக்கு. போன தடவை செலவுக் கணக்குல ஒரு வரி கண்ணுல பட்டது: 'ஸ்டார்ட்டர் பெட்டி, வயர், ஸ்விட்ச் மாற்றியது'. அதுக்கு முந்தின வருஷமும் அதே வரி.

"என்ன ஐயா, வருஷா வருஷம் மாத்துறீங்களா?"ன்னு கேட்டேன்.

"உப்புக்காத்து சார். உப்பளத்துல மோட்டார் வெச்சா இதுவும் கூடவே வர்ற செலவு. ஷாக் அடிச்ச பிறகு மாத்துறதுக்கு முன்னாடியே மாத்திடலாமே."

வருமான வரிக் கணக்குல மோட்டார் மாதிரி இயந்திரங்களுக்குப் பொதுவா வருஷம் 15% தேய்மானம். உப்புக்காத்துக்கு அந்த விதி தெரியாது. பெரியவருக்கு அது தெரிஞ்சிருக்கு.

அதே மாசம் சென்னையில ஒரு நண்பர் வீட்டுக்குப் போனேன். ஐடி வேலை, வாடகை வீடு. ஹாலில் பளபளன்னு ஒரு கடல்நீர் மீன் தொட்டி. தொட்டி, பவளம், லைட், சில்லர், பம்ப் எல்லாம் சேர்த்து 1,60,000 ரூபாய். நாங்க பேசிக்கிட்டு இருந்தப்போ அவரோட அம்மா சொன்னாங்க: "மேல் மூடியைத் துடைச்சா கையில சுரீர்னு இழுக்குதுடா."

ஆர்சிசிபி இருக்கான்னு கேட்டேன். "இருந்துச்சு. அடிக்கடி ட்ரிப் ஆச்சு, பைபாஸ் பண்ணிட்டோம்" என்றார்.

அந்த ட்ரிப்தான் எச்சரிக்கை! எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். ஒரு பம்போட கேபிள் வெடிச்சிருந்தது. லைட் கனெக்‌ஷன்ல உப்பு பூத்துக் கிடந்தது.

ஹாலில் ஒரு குட்டி உப்பளம்

கடல்நீர்ல லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணியை விட அது ஏறக்குறைய நூறு மடங்கு நல்லா மின்சாரத்தைக் கடத்தும். குமிழி உடையும்போது தெறிக்கிற துளி காய்ஞ்சு, ப்ளக்கிலும் வயரிலும் உப்பாப் பூக்கும். காத்துல ஈரம் ஏறினா அந்த உப்பு மறுபடி நனைஞ்சு கரண்ட் போக வழி பண்ணும்.

"எங்க வீட்ல எம்சிபி இருக்கே?"ன்னு பலரும் நினைப்பாங்க. எம்சிபி காப்பாத்துறது வயரை, உங்களை இல்ல. 16 ஆம்பியர் எம்சிபி என்றால் 16,000 மில்லி ஆம்பியர். மனுஷ இதயத்துக்குச் சில பத்து மில்லி ஆம்பியரே ஆபத்து. ஆர்சிசிபி வேற வேலை செய்யுது: போன கரண்ட் முழுசாத் திரும்பி வருதான்னு கணக்குப் பார்க்குது. 30 மில்லி ஆம்பியர் குறைஞ்சாலே 0.3 நொடிக்குள்ள துண்டிச்சிடும். எங்க பாஷையில சொன்னா, டேலி ஆகாத கணக்கை உடனே நிறுத்துற ஆடிட்டர்.

"மீன் நல்லாத்தானே நீந்துது?" என்பதும் ஆதாரம் இல்ல. கரண்ட் வெளியே போக வழி இல்லாத வரைக்கும் மீனுக்கு ஒண்ணும் தெரியாது. ஈரத் தரையில நின்னு நீங்க கையை விடும்போது அந்த வழி நீங்கதான். மாசா மாசம் வட்டி வருதுன்னு ஒரு கம்பெனியை நம்பி, கடைசியில அசலை விட்டவங்க கதையும் இதேதான்.

நியாயமான ஒரு கேள்வி

"நான் ஆபீஸ்ல இருக்கும்போது ட்ரிப் ஆனா பம்ப் நின்னு மீன் எல்லாம் செத்துடுமே?" உண்மைதான். அதுக்குத் தீர்வு பைபாஸ் இல்ல. இரண்டு ஆர்சிசிபி போட்டு பம்புகளைப் பிரிச்சு விடுங்க. ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு ஓடும். கூடவே பேட்டரியில ஓடுற ஒரு ஏர் பம்ப்.

நண்பர் வீட்டு பில்: இரண்டு ஆர்சிசிபி 4,200, பெட்டியும் வயரும் 1,100, கூலி 1,200. மொத்தம் 6,500 ரூபாய். தொட்டிச் செலவுல சுமார் 4%. வாடகை வீடுங்கிறதால தொட்டி லைனுக்கு மட்டும் தனிப் பெட்டி. காலி பண்ணும்போது கழட்டி எடுத்துக்கலாம்.

இன்சூரன்ஸ் இருக்கேன்னு விட்டுடாதீங்க. 2021-ல் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி தீ விபத்துக்குக் கை கொடுக்கும். ஆனா ஷார்ட் சர்க்யூட்டிலோ மின்கசிவிலோ கெட்டுப்போன அந்தக் கருவிக்கு மட்டும் பணம் வராது. விதிவிலக்குப் பகுதியை ஒரு தடவை படிங்க.

இந்த வாரமே செய்ய வேண்டியது

- 30 மில்லி ஆம்பியர், ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஆர்சிசிபி போடுங்க.
- எர்த்திங் உண்மையிலேயே இருக்கான்னு எலக்ட்ரீஷியனை மீட்டர் வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. மூணு ஓட்டை இருக்கிறதால எர்த் இருக்குன்னு அர்த்தம் இல்ல. இரண்டு பின் பம்புக்கு எர்த்தே போகாது.
- எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொட்டிக்குக் கீழே இருக்கிற அலமாரிக்குள்ள வைக்காதீங்க. பக்கத்துச் சுவர்ல, உயரத்துல மாட்டுங்க.
- ஒவ்வொரு வயரும் ப்ளக்குக்குக் கீழே கொஞ்சம் தொங்கி, அப்புறம் மேலே ஏறணும். வழியுற தண்ணி அங்கேயே சொட்டிடும்.
- இன்வெர்ட்டர் லைன் ஆர்சிசிபியைத் தாண்டிப் போகுதான்னு கேளுங்க. புயல் நேரத்துல தொட்டி அதுலதான் ஓடும்.
- தண்ணிக்குள்ள கை விடுறதுக்கு முன்னாடி ஆர்சிசிபி எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒரே நேரத்துல தொட்டா ஆர்சிசிபியால காப்பாத்த முடியாது.

பொழுதுபோக்குக்குச் செலவு பண்ணாதீங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். ஒரு பொருளோட விலை, கடையில கொடுக்கிற பில்லோட முடியறதில்லைன்னுதான் சொல்றேன். மரக்காணத்துப் பெரியவர் நோட்டுல இருக்கிற அந்த ஒரு வரி உங்க பட்ஜெட்லயும் இருக்கட்டும்.

எஸ்ஐபி போற தேதி ஞாபகம் இருக்கும்ல? மாசா மாசம் அதே தேதியில ஆர்சிசிபியோட டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அமுக்குங்க. விழலைன்னா அன்னிக்கே மாத்துங்க. நண்பரோட அம்மா இப்போ தைரியமா மூடியைத் துடைக்கிறாங்க, ஆஃப் பண்ணிட்டுத்தான்.