கோடகன் பிள்ளை ஏறிய படிகள்

"தீர்ப்பு பிழையென்றால் மேன்முறையீடு செய்யலாமே, அதற்குத்தானே நீதிமன்றங்கள்?" என்றார் புறக்கோட்டை வணிக நண்பர் ஒருவர். புதுக்கடை நீதிமன்றங்கள் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் வந்த நம்பிக்கை போலும். அவருக்குக் கோடகன் பிள்ளையின் வழக்கை நினைவூட்டினேன்.

ருவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கக் கேட்ட இந்திய வம்சாவளித் தமிழர் அவர். பதிவு அதிகாரி முதனாயக்க மறுத்தார். மீளாய்வு அதிகாரி சிவஞானசுந்தரமோ, 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தமும் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை மீறுவதாகக் கண்டு, பெயரைச் சேர்க்கப் பணித்தார். வெற்றி அந்த அடிப்படியில் மட்டுந்தான். அரச அதிகாரியே மற்றோர் அதிகாரியின் முடிவை எதிர்த்து எழுத்தாணை கேட்டார். 1951இல் உயர் நீதிமன்றம் அம்முடிவை இரத்துச் செய்தது. இலண்டன் கோமறைக் கழகமும் 1953இல் கைவிரித்தது. சட்டத்தின் சொற்களில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை என்றது கொழும்பு. சட்டத்தின் சாரம் பிரஜாவுரிமையே, பாகுபாடு அன்று என்றது இலண்டன். இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர் இடாப்பிலிருந்து மறைந்ததை எந்தச் சாரத்தில் சேர்ப்பது?

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1952இல் ஒன்றுமில்லை, வழக்கு இலண்டனில் முடியுமுன்பே தேர்தல் முடிந்துவிட்டது. நண்பர் மெச்சிய தாமதமற்ற நீதி இதுதானா?

நாடற்றவராய் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். அதை இயற்றியது நாடாளுமன்றம். எந்த நீதிமன்றமும் அன்று.